மணி அடித்த பிறகு மன்றம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அரசுப் பள்ளிகளில் ஆட்டம், பாட்டம், மன்றம், விழா என்றே பாதி நாள் போய்விடுகிறது, அதனால்தான் பத்தாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள், இதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பாடத்தை நடத்துங்கள் என்று. படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது, கோபம் அப்புறம்தான். பாதி நாள் மன்றம் நடக்கிற அரசுப் பள்ளி எங்கே இருக்கிறது என்று அந்த அன்பர் சொன்னால் என் மகளை நாளைக்கே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.

எனக்குச் சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் ஒரு சின்ன ஊர். குச்சிக்கிழங்கும் மக்காச்சோளமும் விளைகிற பக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படித்ததும் அங்கேதான், இப்போது மகனும் மகளும் படிப்பதும் அங்கேதான், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். வினாத்தாளைத் தவிர பள்ளியின் மற்ற எல்லாக் காகிதமும் என் கடை வழியாகத்தான் போகிறது. ஆகவே நான் சொல்வது காதில் விழுந்த செய்தி இல்லை, கையில் அச்சடித்துக் கொடுத்த செய்தி.

ஜூன் கடைசியில், இல்லை ஜூலையில், மன்றப் பொறுப்பாசிரியர் பட்டியல் என்று ஒரு தாள் வரும். தமிழ் இலக்கிய மன்றம், ஆங்கில இலக்கிய மன்றம், கணித மன்றம், அறிவியல் மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், தேசிய பசுமைப்படை, தொன்மைப் பாதுகாப்பு மன்றம், நுகர்வோர் மன்றம், சாலைப் பாதுகாப்பு மன்றம், போதை எதிர்ப்பு மன்றம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர், நாட்டு நலப்பணித் திட்டம். இன்னும் இரண்டு மூன்று இருக்கும், எனக்கே மறந்துவிட்டது. எதிரே ஆசிரியர் பெயர் இருக்கும். மேலிருந்து கீழே பார்த்தால் அதே நாலைந்து பெயர்தான் சுற்றிச் சுற்றி வரும். புதிதாக வந்த இளைய ஆசிரியர் என்றால் தலையில் ஐந்து மன்றமாவது விழும். ஓய்வு பெறப் போகிறவருக்கு ஒன்றும் இருக்காது. அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு மன்றம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு.

அப்புறம் பேனர். ‘சுற்றுச்சூழல் மன்றத் தொடக்க விழா, நெகிழியை ஒழிப்போம்’ என்று பெரிய எழுத்தில், பச்சை மரம், நீல வானம், எல்லாம் ஃபிளெக்ஸில். ஃபிளெக்ஸே நெகிழிதான் என்பதை நான் சொன்னபோது பொறுப்பாசிரியர் சிரித்துவிட்டு, துணியில் எழுத ஆள் எங்கே கிடைக்கிறார் சார், நீங்களே ஆர்டர் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தேன். எனக்கும் அதில் ஐம்பது ரூபாய் கிடைக்கும், மறைப்பானேன். பேனரைக் கட்டி, முன்னால் இருபது பிள்ளைகளை நிறுத்தி, ஒரு மரக்கன்றைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். படம் எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் ஏறும். மேலே இருக்கிற அதிகாரிக்குத் திரையில் பச்சையாக ஒரு டிக் தெரியும். மரக்கன்று என்ன ஆனது என்று கேட்க அந்தத் திரையில் இடம் இல்லை.

இதைச் சொல்வதால் ஆசிரியர்களைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. பள்ளி நேரத்துக்குள் நடக்கிற மன்றம் உயிரோடு இருக்கிறது, மணி அடித்த பிறகு நடக்க வேண்டிய மன்றம் செத்துவிடுகிறது. கொஞ்ச வருஷமாகக் கடைத் திண்ணையில் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வானவில் மன்றத்தைப் பாருங்கள். 2022 நவம்பர் 28-ஆம் தேதி திருச்சியில் முதல்வர் தொடங்கிவைத்த திட்டம், ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. கருத்தாளர் என்று ஒரு பெண் வண்டியில் வருவார், பையில் பலூன், உறிஞ்சு குழல், காந்தம், வினிகர் என்று ஏதேதோ இருக்கும். வகுப்பு நேரத்திலேயே வகுப்பறைக்குள் போய்ச் செய்து காட்டுவார், பிள்ளைகளையும் செய்ய வைப்பார். மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது வீட்டுக்கு வந்து பாட்டிலில் வினிகரை ஊற்றி, பலூனுக்குள் சமையல் சோடாவைப் போட்டு, பாட்டில் வாயில் மாட்டி அதை உப்ப வைத்துக் காட்டினான். அவன் அம்மா திட்டியது சோடா தீர்ந்து போனதற்கு. அந்த மன்றம் ஓடுவதற்குக் காரணம் இரண்டே இரண்டு. வெளியில் இருந்து ஒருவர் பொருளோடு வருகிறார், பள்ளி மணி அடிக்கும் முன் எல்லாம் முடிந்துவிடுகிறது.

மற்ற மன்றங்களுக்கு என்ன கதி? ஆறு முதல் ஒன்பது வரைக்கும் அட்டவணையில் மன்றச் செயல்பாடு என்று பாடவேளை இருக்கத்தான் செய்கிறது. இலக்கியம், வினாடி வினா, சுற்றுச்சூழல், சிறார் திரைப்படம் என்று வாரத்துக்கு ஒன்றாக 2022-23இல் துறை முறைப்படுத்தியது நல்ல காரியம், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பள்ளியில் அது போய் உட்கார்ந்திருக்கும் இடம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் என்றால் என்ன என்று பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். போதாததற்கு எங்கள் ஊரில் பஸ் வேறு.

இந்த பஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இருந்து படிக்கிறவர்களுக்கு இது புரியாது. எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சுற்றுக் கிராமங்களில் இருந்தும் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தும் வருகிறவர்கள். பள்ளி விடுவது நாலு பத்துக்கு. டவுன் பஸ் நாலு நாற்பதுக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறரைக்கு, அதுவும் வந்தால்தான் வந்தது. 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, மாணவர்களுக்கு பாஸ் இருக்கிறது, பணம் ஒரு பிரச்சினையே இல்லை. நேரம்தான் பிரச்சினை. ஆறரை பஸ்ஸில் ஏறி இறங்கி, அங்கிருந்து சோளக்காட்டு ஓரமாக ஒன்றரை கிலோமீட்டர் இருட்டில் நடக்க எந்த அப்பா தன் பெண்ணை விடுவார்? நானே விடமாட்டேன். அதனால் நாலு பத்துக்கு மேல் நடக்கிற எதற்கும், கோ-கோ பயிற்சியாகட்டும், பேச்சுப் பயிற்சியாகட்டும், உள்ளூர்ப் பிள்ளைகள்தான் நிற்பார்கள். அதிலும் பையன்கள்தான். மாணவர் மன்றம் என்று பெயர் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்து அரை கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற பையன்கள் மன்றமாக நடத்துகிறோம். ஒரு பயிற்சிக்கு அடிவாரத்துப் பெண் ஒருத்தி நின்றாள் என்றால் அவள் அப்பா பைக்கில் வந்து கடை வாசலில் காத்திருக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்கு அவருக்கு அரை நாள் கூலி போயிருக்கும்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு நாலு பத்துக்கு மேல் சிறப்பு வகுப்பு. அதற்கு மட்டும் நிற்கலாம், பஸ்ஸை விடலாம், அப்பாக்கள் வந்து காத்திருக்கலாம், யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆறு மணிக்கு வெளியே வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்ட சாப்பாட்டோடு சரி. யாராவது புண்ணியவான் சுண்டல் கொடுத்தால் உண்டு.

என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படை இருந்தது எங்கள் பள்ளியில். நான் படித்த காலத்தில் பரேடு முடிந்ததும் பூரி கிழங்கு கொடுப்பார்கள், அதற்காகவே சேர்ந்தவர்கள் பலர், அதில் நானும் ஒருவன். காலில் பூட்ஸ் போட்டதே அங்கேதான் முதன்முதலில். இரண்டு வருஷம் முடித்தால் ‘ஏ’ சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு நிறுத்தாமல் கல்லூரியில் தொடர்ந்து போலீஸுக்கும் ராணுவத்துக்கும் போனவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இந்தப் படையை நடத்த ஓர் ஆசிரியர் தனியாகப் பயிற்சி எடுத்து அதிகாரியாக இருக்க வேண்டும். இருந்தவர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்தவருக்கு அந்தப் பயிற்சி இல்லை, எடுக்கவும் மனம் இல்லை. அவ்வளவுதான், படை கலைந்துவிட்டது. ஒரு மனிதர் மாறுதலில் போனால் மொத்தமாகச் சாய்ந்துவிடுகிறது என்றால் அது பள்ளியின் மன்றம் இல்லை, அந்த மனிதரின் மன்றம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் கதை இன்னும் பரிதாபம். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளைக் காலாண்டு விடுமுறையில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போய் ஏழு நாள் முகாம் போடுவார்கள். கோயில் மண்டபத்தில் படுக்கை, பகலில் வாய்க்கால் தூர் வாருவது, சாயங்காலம் கலை நிகழ்ச்சி. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்த பிறகு காலாண்டு விடுமுறையையும் சிறப்பு வகுப்பு தின்றுவிட்டது. ஏழு நாள் முகாம் பெயருக்கு உள்ளூரிலேயே நடந்து, மதியத்தோடு வீட்டுக்கு அனுப்புகிற முகாமாக ஆகிவிட்டது. இப்போது 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் எனக்கு ஒரு பயம். அந்தத் தேர்வையே எதற்குக் கொண்டுவந்தார்கள்? பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி மார்க் வாங்குகிற வித்தையைப் பல பள்ளிகள் செய்துகொண்டிருந்ததால்தானே? தேர்வு போன இடத்தில் மறுபடியும் அதே வித்தை வந்து உட்காரும். கிடைத்த மூச்சு விடும் நேரத்தை மன்றத்துக்கும் முகாமுக்கும் விளையாட்டுக்கும் இப்போதே எழுதி வைக்காவிட்டால், அடுத்த வருஷம் கேட்கும்போது இடம் நிரம்பிப் போயிருக்கும்.

இனி நல்ல சேதி ஒன்று. தொன்மைப் பாதுகாப்பு மன்றம் பட்டியலில் மட்டும்தான் இருந்தது என்றாலும், ஒரே ஒரு தடவை நிஜமாக நடந்தது. சமூக அறிவியல் டீச்சர் ஒருவர் ஒரு சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஆறகளூர் காமநாதர் கோயிலுக்கும், பக்கத்தில் தியாகனூரில் இருக்கும் புத்தர் சிலைகளுக்கும் கூட்டிப்போனார். வேனில் பெரியவர் துணை வேண்டும் என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். ஆறகளூர் ஒரு காலத்தில் மகதை மண்டலம் என்ற இந்தப் பகுதியை ஆண்ட வாணகோவரையர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகரம். நாங்கள் எல்லாம் அந்த வழியாக ஆயிரம் முறை போயிருப்போம், கோயில் சுவரில் இருப்பது எழுத்து என்றுகூட நின்று பார்த்ததில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான்: தொடக்கத்தில் பெரும்பாலும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று இருக்கும், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, அதை நாமே வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். வெயில் சாய்வாக விழும் பக்கம் நின்று பார்த்தால் வெட்டு நிழலாகத் தெரியும் என்றார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், அடிவாரத்து ஊர்க்காரி, விரலை வரிசையாக நகர்த்திக்கொண்டே ‘தேவர்க்கு’ என்று சத்தமாகப் படித்தாள். பின்னால் நின்ற பையன்கள் எங்கே எங்கே என்று முட்டிக்கொண்டு வந்தார்கள். தியாகனூரில் புத்தரைப் பார்த்துவிட்டு, நம்ம ஊரில் புத்தர் எப்படி சார் வந்தார் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு எங்கே தெரியும், டீச்சரைக் காட்டிவிட்டேன்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2010-லேயே தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கி, பிள்ளைகள் கல்வெட்டு படிக்கவும் பழைய பானை ஓடுகளை அடையாளம் காணவும் கற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வந்தது பத்திரிகைகளில் வந்ததுதான். அதுவும் சின்ன ஊர், அரசுப் பள்ளி. எங்கள் டீச்சருக்கு மறுபடி கூட்டிப்போக ஆசைதான். வேன் வாடகையை அவரே போட்டிருந்தார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது, அடுத்து வந்த சனிக்கிழமைகளை எல்லாம் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டது.

பேச்சுப் போட்டி விஷயமும் சொல்ல வேண்டும். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்கள் பிறந்த நாளையொட்டிப் போட்டி வைக்கிறது, மாவட்ட அளவில் முதல் பரிசு 5,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனால் அறிவிப்பு தலைமையாசிரியர் வாட்ஸப்புக்கு வந்து, அவர் தமிழாசிரியருக்கு அனுப்பி, தமிழாசிரியர் என் கடைக்கு வந்து உரையை அடிக்கச் சொல்லும்போது போட்டிக்கு ஒரு நாள்தான் இருக்கும். அவ்வளவு குறுகிய நேரத்தில் யாரை அனுப்புவது? மனப்பாடம் செய்கிற ஒரே பையனைத்தான். பெரியாருக்கும் அவன்தான், அண்ணாவுக்கும் அவன்தான், காந்திக்கும் அவன்தான். நல்ல பையன், குரல் கணீரென்று இருக்கும், அவன் மேல் குற்றமில்லை. வாரம் ஒரு முறை இலக்கிய மன்றம் நிஜமாகக் கூடியிருந்தால் இன்னும் பத்துப் பேருக்கு மேடை நடுக்கம் போயிருக்கும், சொந்தமாக நாலு வரி பேசத் தெரிந்திருக்கும்.

கலைத் திருவிழா பற்றி இரண்டு மனது எனக்கு. 2022-23இல் தொடங்கியது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி, கலையரசன் கலையரசி என்று பட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளை மாநில மேடையில் பறை அடிப்பதைப் பார்த்தால் கண் நிறைகிறதுதான். ஆனால் ஆடத் தெரிந்த பிள்ளை ஆடுகிறது, தெரியாத பிள்ளை கை தட்டுகிறது. கற்றுக்கொடுக்க ஆள் எங்கே? 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்துக்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 12,500-க்கு வந்தது, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சாலையில் உட்கார்ந்தபடியே வருஷங்கள் ஓடின. எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் மற்ற அரை நாட்களில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறார். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. மன்றம் நடத்த இவரை விடத் தகுந்த ஆள் யார்? இவரை அழைத்து, நீங்கள் வருகிற அரை நாளில் நடுவில் ஒரு பீரியட் உங்களுடையது, கணக்கு டீச்சர் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று எழுத்தில் கொடுத்தால் போதும். மகிழ் முற்றம் என்று 2024-இல் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுவாகப் பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார்கள், அந்த ஐந்து குழுவுக்கும் சேர்த்தே சுவர் ஓவியம் சொல்லிக்கொடுக்கலாம். (என் மகன் பாலை. பாலை என்றால் ஒன்றுமே விளையாதே என்று முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஓட்டப் போட்டியில் ஜெயித்த பிறகு சரியாகிவிட்டான்.)

கணக்கு ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, ஏன் இத்தனை பேர் ஃபெயில் என்று கேட்பது அவர்களைத்தான். இலக்கிய மன்றம் ஏன் கூடவில்லை என்று எந்தக் கூட்டத்திலும் யாரையும் எழுப்பி நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் பள்ளி செய்யும். அந்த வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன்: பி.டி. பீரியடையும் மன்றப் பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொள்வது எங்கள் பள்ளியில் வருஷக்கணக்காக நடக்கிறது. அப்படியும் கணக்கில் ஃபெயில் குறையவில்லையே, அது ஏன்? எண்ணை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறி ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு பத்தாம் வகுப்பில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்தால் எல்லாம் வந்துவிடுமா?

டவுன் பஸ் நேரத்தை வாரத்தில் ஒரே ஒரு நாள் ஐந்தேகாலுக்கு மாற்றித் தரச் சொல்லி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மனு கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. சரி, பஸ் மாறாது என்றே வைத்துக்கொள்வோம், மன்றத்தை மாற்றலாமே என்றுதான் இப்போது யோசிக்கிறோம். புதன்கிழமை மூன்றாவது பீரியட், இடைவேளை முடிந்து மதிய உணவுக்கு முன்னால், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி முழுவதற்கும் ஒரே நேரத்தில் மன்றம். பதினைந்து மன்றம் வேண்டாம், ஆறு ஏழு போதும். ஓர் ஆசிரியருக்கு ஒன்றுதான். பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றில் பெயர் கொடுத்து வருஷம் முழுக்க அதிலேயே இருக்கட்டும். ஆள் போதாத மன்றத்துக்கு ஊரில் இருந்து வருகிறோம். தெருக்கூத்து கட்டுகிற ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார், சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிறவர் மோட்டாரைப் பிரித்துக் காட்டத் தயார், நான் கம்ப்யூட்டரில் தமிழ் டைப்பிங் சொல்லித்தருகிறேன். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் விட்டுவிடுங்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அதற்கு மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அந்த நாற்பத்தைந்து நிமிஷம் அவசியமாகத் தேவை.

தலைமையாசிரியர் மறுக்கவில்லை. மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் எனக்கும் தைரியமாக இருக்கும் என்கிறார். அந்தச் சுற்றறிக்கையைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். மூத்த கணக்கு ஆசிரியர் மட்டும் புதன்கிழமை வேண்டாம், அன்றைக்கு எனக்குப் பத்தாம் வகுப்பில் இரண்டு பீரியட் சேர்ந்து வருகிறது, வியாழன் என்றால் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கு வியாழனும் சம்மதம்தான், நாலு பத்துக்கு முன்னால் முடிந்தால் சரி. அடுத்த குழுக் கூட்டத்தில் அதை முடிவு செய்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
சேலம் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும், வெளியிட வேண்டாம்.)